அடித்த ஆண்டைப் பாருங்கள்

குடியேற்றக் கால நினைவுப் பதக்கங்களைச் சேர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு வாசகம் தவறாமல் வரும். "புத்தகம் எழுதுகிறவன் பொய் எழுதலாம், பதக்கம் பொய் சொல்லாது. இது வரலாறு, கையில் எடுத்தே பார்க்கலாம்." ஏலக் கேட்டலாக்குகள் இதையே இன்னும் அலங்காரமாகச் சொல்கின்றன. கண்காட்சிகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் சீட்டுகளும் இப்படித்தான் எழுதப்படுகின்றன. கேப்டன் குக்கின் பயணம், சிட்னியில் முதல் குடியேற்றம், டாஸ்மேனியா நிறுவப்பட்டது என்று நிகழ்ச்சி வரிசையில் பதக்கங்களை அடுக்கி வைக்கிறார்கள். அவற்றைப் பார்த்தபடி நடந்துபோனாலே ஒரு கண்டத்தின் கதை தெரிந்துவிடும் என்று நம்மை நம்பவைக்கிறார்கள்.

இந்த நம்பிக்கை அடியோடு தவறு. இந்தப் பதக்கங்கள் குடியேற்றத்துக்குச் சாட்சி அல்ல. அவற்றை அடித்தவர்கள், அடித்த அந்த ஆண்டில், எதை நம்ப விரும்பினார்கள், எதை மற்றவர்கள் மறந்துவிட வேண்டும் என்று விரும்பினார்கள் என்பதற்கே அவை சாட்சி. சிட்னிக் குடியேற்றம் தொடங்கிய 1788ஐப் பற்றி 1938இல் அடித்த பதக்கம் 1788ஐப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை. 1938ஐப் பற்றி நிறையச் சொல்கிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் சேர்க்கிறவர், எவ்வளவு அரிய பொருளை வைத்திருந்தாலும், விழாக்குழு ஒன்றின் விளம்பரத்தைத்தான் வெல்வெட் துணியில் வைத்துப் பாதுகாத்துக்கொண்டிருக்கிறார்.

தமிழ்ச் சேகரிப்பாளர்களுக்கு உலோகத்தின் மேல் இவ்வளவு நம்பிக்கை ஏன் என்பது எனக்குப் புரிகிறது. காசுகள் நம் வரலாற்றைக் காப்பாற்றிக் கொடுத்தவை. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த ரோமானியக் காசுகள் சங்ககால வணிகத்துக்குச் சான்றாக நின்றன. 'பெருவழுதி' என்று தமிழ்-பிராமி எழுத்தில் பெயர் பொறித்த பாண்டியர் காசை நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்டு வெளியிட்டபோது, சங்ககால மன்னர்கள் சொந்தமாகக் காசு அடித்தார்களா என்ற நீண்ட நாள் ஐயத்துக்கு ஒரு சிறு உலோகத்துண்டு பதில் சொன்னது. அந்த அனுபவத்தில் வளர்ந்தவர்கள் நாம். அதனால்தான் உலோகத்தில் எழுத்து இருந்தால் உடனே நம்பிவிடுகிறோம்.

ஆனால் காசு வேறு, நினைவுப் பதக்கம் வேறு. காசு அடித்தவன் நம்மை நினைத்து அடிக்கவில்லை. அது சந்தையில் செல்ல வேண்டும், வரியாகத் திரும்பி வர வேண்டும்; அவ்வளவுதான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு அது நமக்குச் சான்றாக அமைந்தது தற்செயல். நினைவுப் பதக்கமோ சாட்சி சொல்வதற்காகவே பிறக்கிறது. ஒரு குழு கூடுகிறது, பணம் ஒதுக்குகிறது, எந்த முகம், எந்த வாசகம், யாருக்கு வெள்ளி, யாருக்கு ஈயக்கலவை என்று முடிவுசெய்கிறது. தெருவில் தற்செயலாக நின்று சண்டையைப் பார்த்தவன் சொல்வதற்கும், வழக்குப் போட்டவன் தன் செலவில் கூட்டிவந்து கூண்டில் ஏற்றுகிறவன் சொல்வதற்கும் உள்ள தூரம் இந்த இரண்டுக்கும் உண்டு. இரண்டாவது சாட்சியையும் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் யார் கூட்டிவந்தது என்று முதலில் விசாரித்துவிட்டுக் கேட்க வேண்டும்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பசிபிக் தீவுகள் தொடர்பான பதக்கங்களைச் சேர்ப்பவர்கள் எல்லாரும் ஆசைப்படும் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். குக்கின் இரண்டாவது பயணத்துக்காக பர்மிங்ஹாமில் மேத்யூ போல்டன் அடித்த 'ரெசல்யூஷன், அட்வென்ச்சர்' பதக்கம் அது. ஒரு பக்கம் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் இரண்டு கப்பல்கள். கீழே ரோமானிய எண்களில், இந்தக் கப்பல்கள் இங்கிலாந்தை விட்டு 1772 மார்ச்சில் புறப்பட்டன என்ற செய்தி.

அவை மார்ச்சில் புறப்படவில்லை. பிளிமத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது ஜூலை 13. ஜோசப் பேங்க்ஸ் என்ற செல்வந்தரான இயற்கையியலாளர் தன் பரிவாரத்தோடு வருவதற்காக ரெசல்யூஷன் கப்பலின் மேல் கூடுதலாக ஒரு தளம் கட்டினார்கள். தலைப்பாரம் தாங்காமல் கப்பல் ஆபத்தானதாக மாறியது. கட்டியதை இடித்தார்கள். பேங்க்ஸ் கோபித்துக்கொண்டு பயணத்திலிருந்தே விலகி, ஐஸ்லாந்துக்குப் போய்விட்டார். பதக்கங்களை போல்டனிடம் அடிக்கச் சொன்னவரும் இதே பேங்க்ஸ்தான். ஆக, தன்னை அடிக்கச் சொன்னவர் ஏறாத கப்பலையும், அது புறப்படாத மாதத்தையும் தாங்கிக்கொண்டு இந்தப் பதக்கம் கடல் தாண்டியது. பித்தளை போன்ற மலிவான கலவையில் சுமார் 2,000, வெள்ளியில் நூற்றுச் சொச்சம், தங்கத்தில் இரண்டு. பதக்கம் பொய் சொல்லாது என்று சொல்பவர்கள், தம் சேகரிப்பில் மிக உயர்ந்த இடத்தில் வைத்திருக்கும் பொருளின் அடிவரியையே படிக்காமல் பேசுகிறார்கள்.

தேதிப் பிழையைச் சிறிய விஷயம் என்று தள்ளிவிடலாம். அடித்த பிறகு பயணம் தள்ளிப்போனது, அவ்வளவுதானே என்று கேட்கலாம். ஆனால் அந்தப் பிழைதான் இந்தப் பொருளின் இயல்பைக் காட்டிக்கொடுக்கிறது. நிகழ்ச்சி நடப்பதற்கு முன்பே நிகழ்ச்சியின் நினைவு தயாராகிவிட்டது. எதற்காக? பிரிட்டிஷ் கடற்படையின் உத்தரவு தெளிவாகவே இருந்தது: புதிதாகக் காணும் நாடுகளில் உள்ளவர்களுக்கு இவற்றைக் கொடுத்து, நாங்கள் வந்தோம் என்பதற்கு அடையாளமாக அங்கே விட்டுவர வேண்டும். நியூசிலாந்துக் கரையில் பதக்கத்தைக் கையில் வாங்கிய மாவோரி மனிதருக்கு அந்த ஆங்கில எழுத்துகள் எதையும் சொல்லவில்லை; சொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவும் இல்லை. அந்தச் செய்தி, பின்னால் வரக்கூடிய பிரெஞ்சுக்காரனுக்கும் ஸ்பானியனுக்கும் எழுதப்பட்டது. நிலத்துக்குச் சொந்தக்காரரின் கழுத்தில் அவர் படிக்க முடியாத உரிமைப் பத்திரத்தை மாட்டி, அவரையே அதைச் சுமக்கவைத்தார்கள். 'தொடர்பின் சின்னம்', 'நட்பின் பரிசு' என்று கேட்டலாக்குகளில் இதற்கு எழுதப்படும் விளக்கங்களைப் படிக்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

நம் மண்ணோடு தொடர்புள்ள பதக்கம் என்றால் நாம் இவ்வளவு எளிதில் ஏமாறுவதில்லை. இதே போல்டனின் சோஹோ பட்டறையில்தான் 1799 ஸ்ரீரங்கப்பட்டண வெற்றிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த பதக்கமும் அடிக்கப்பட்டது. சிங்கம் புலியைக் கீழே தள்ளி மிதிக்கும் படம். மதராஸ் படையின் சிப்பாய்களும் அதை வாங்கினார்கள். அந்தப் படத்தைப் பார்த்து திப்பு சுல்தானின் போரைத் தெரிந்துகொள்ளலாம் என்று இங்கே எந்தச் சேகரிப்பாளரும் சொல்ல மாட்டார். வென்றவன் தனக்காகத் தானே அடித்துக்கொண்டது என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். அதே கண்ணோடு ஏன் சிட்னியையும் டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டையும் பார்க்கக் கூடாது?

அடுத்து, கலை என்ற வாதம். "அரசியலை விடுங்கள், செதுக்கலைப் பாருங்கள்" என்பார்கள். சரி, கலையையே பார்ப்போம். குடியேற்றப் பதக்கங்களில் கலையழகு மிகுந்தது என்று பலரும் ஒப்புக்கொள்ளும் ஒன்று உலோகத்தில் அடித்ததே அல்ல, மண்ணில் செய்தது. பிரிட்டன் தன் கைதிகளை அனுப்பி அமைத்த சிட்னிக் குடியேற்றத்தின் முதல் ஆளுநர் ஆர்தர் பிலிப் 1788இல் அங்கிருந்து கொஞ்சம் வெண்களிமண்ணை லண்டனுக்கு பேங்க்ஸிடம் அனுப்பினார். பேங்க்ஸ் அதைப் புகழ்பெற்ற பீங்கான் தயாரிப்பாளர் ஜோசையா வெட்ஜ்வுட்டிடம் கொடுத்தார். ஹென்ரி வெபர் வரைந்து, வில்லியம் ஹாக்வுட் உருக்கொடுத்து, 1789இல் 'சிட்னி கோவ் பதக்கம்' உருவானது. நம்பிக்கை என்னும் தேவதை கரையில் நின்று, அமைதியையும் கலையையும் உழைப்பையும் வரவேற்கிறாள். கிரேக்கச் சிற்பத்தின் மடிப்புகளோடு நான்கு உருவங்கள், பின்னணியில் கப்பலும் கடலும். சார்லஸ் டார்வினின் தாத்தா எராஸ்மஸ் டார்வின் இதைப் பாடி ஒரு கவிதையே எழுதினார். அழகுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அந்த 1789ஆம் ஆண்டு சிட்னித் துறைமுகத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? ஏப்ரலில் பெரியம்மை பரவியது. துறைமுகத்தைச் சுற்றியிருந்த சிறு குடாக்களிலும் பாறை இடுக்குகளிலும் உடல்கள் கிடந்தன. அந்தப் பகுதியின் பூர்வகுடிகளில் பாதிப்பேர் இறந்துபோனார்கள் என்பது, அவர்களில் ஒருவரான பென்னலாங் சொன்னதைக் கேட்டு பிலிப்பே எழுதிய கணக்கு. குடியேறியவர்களும் நம்பிக்கை தேவதை வந்து வரவேற்கும் நிலையில் இல்லை. உணவுப் பங்கைக் குறைத்துக் குறைத்து, 1790இல் பட்டினியின் விளிம்புக்கே வந்துவிட்டார்கள். அந்த ஜூனில் வந்து சேர்ந்த இரண்டாம் கப்பல் தொகுதியில், ஏற்றப்பட்ட கைதிகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் வழியிலேயே இறந்திருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிலிப் அனுப்பிய அந்த வெண்களிமண், அங்குள்ள மக்கள் தம் உடலில் கோலமிட்டுக்கொள்ளப் பயன்படுத்திய மண். அவர்களுடைய உடம்பில் இருக்க வேண்டிய மண், அவர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்த அதே ஆண்டில், பத்தாயிரம் கல் தொலைவுக்கும் அப்பால் கிரேக்கத் தேவதையாக உருமாறியது. அவர்களில் ஒருவர்கூட அந்தக் கரையில் காட்டப்படவில்லை. கலையை மட்டும் பாருங்கள் என்கிறவர்களிடம் நான் கேட்பது: ஆட்களைக் கரையிலிருந்து அகற்றியதே அந்தக் கலையின் முதல் வேலையாக இருக்கும்போது, கலையை அரசியலிலிருந்து எந்தக் கத்தியால் வெட்டிப் பிரிப்பீர்கள்? வெட்ஜ்வுட்டைக் குறைசொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அடிமை வணிகத்தை எதிர்த்து முத்திரைப் பதக்கம் செய்து பரப்பியவர் அவர். கெட்ட மனிதர் அல்ல. நல்ல மனிதரின் நல்ல கை செய்த நல்ல வேலையே இப்படி இருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இந்த வரிசையில் ஒன்றுக்கு மட்டும் நான் விதிவிலக்குத் தருகிறேன். 'சார்லட் பதக்கம்'. முதல் கப்பல் தொகுதியின் தலைமை மருத்துவர் ஜான் ஒயிட்டுக்காக, சார்லட் கப்பலில் வந்த கைதி தாமஸ் பேரட் வெள்ளித் தகடு ஒன்றில் கையால் செதுக்கியது. பேரட் கள்ளக்காசு செய்வதில் தேர்ந்தவர். வழியில் ரியோ டி ஜெனிரோவில் கப்பல் நின்றபோது, பழைய கொக்கிகளையும் பொத்தான்களையும் ஈயக் கரண்டிகளையும் உருக்கிக் காசு செய்ததை ஒயிட்டே வியந்து எழுதியிருக்கிறார். 1788 ஜனவரி 20 அன்று பாட்டனி விரிகுடாவில் சார்லட் நங்கூரமிட்டு நிற்பதை ஒருபக்கம் வரைந்து, மறுபக்கம் பயணத்தின் தேதிகளையும் இடங்களையும் எழுதினார். இதில் மன்னரின் தலை இல்லை, தேவதை இல்லை, வாழ்த்து இல்லை. குடியேற்றம் அந்த விரிகுடாவில் நடக்கவே இல்லை என்பதையும் கவனியுங்கள். இடம் சரியில்லை என்று சில நாளில் சிட்னி கோவுக்கு மாறிவிட்டார்கள். ஜனவரி 26 என்ற கொண்டாட்ட நாள் அங்கிருந்து வந்தது. பேரட்டுக்கு அது தெரியாது. பின்னால் என்ன ஆகும் என்று தெரியாமல் செய்த பொருள் என்பதால்தான் அதை நான் நம்புகிறேன். அவர் அதற்குப் பிறகு நெடுநாள் வாழவும் இல்லை. உணவு திருடிய குற்றத்துக்காக பிப்ரவரி 27 அன்று தூக்கிலிடப்பட்டார். அந்தக் குடியேற்றத்தில் முதலில் தூக்கிலிடப்பட்டவர் அவர்தான். 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் பெருந்தொகை கொடுத்து அந்தத் தகட்டை ஏலத்தில் வாங்கியது. வாங்க வேண்டிய பொருள்தான். ஆனால் ஒரு பேரட்டைக் காட்டி, பின்னால் வந்த நூற்றுக்கணக்கான விழாக்குழுப் பதக்கங்களுக்கும் அதே மதிப்பைக் கேட்பது நியாயம் ஆகாது.

விழாக்குழுப் பதக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 1853ஆம் ஆண்டின் டாஸ்மேனியப் பதக்கத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. கைதிகளை அங்கே அனுப்புவது அந்த ஆண்டோடு நின்றது. அதைக் கொண்டாட லண்டனில் பதக்கம் அடித்து வரவழைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அதில் எழுதியிருக்கிறது: டாஸ்மேனியா நிறுவப்பட்டது 1803. ஆனால் 1803இல் டாஸ்மேனியா என்று எதுவும் நிறுவப்படவில்லை. அந்தக் குடியேற்றத்தின் பெயர் வான் டீமன்ஸ் லேண்ட். 1853இலும் சட்டப்படி அதுதான் பெயர். 1856 ஜனவரியில்தான் மாறியது. கைதிகளின் தீவு என்ற கெட்ட பெயர் பழைய பெயரோடு ஒட்டியிருந்ததால், அதைத் துடைக்க விரும்பினார்கள். அரசு மாற்றுவதற்கு முன்பே பதக்கம் மாற்றிவிட்டது, அதுவும் ஐம்பது ஆண்டு பின்னோக்கி. வாங்கிய குழந்தைகளில் எத்தனையோ பேரின் அப்பாவோ அம்மாவோ கைதியாக வந்தவர்கள். உன் வீட்டுக் கதையை இனி வெளியில் சொல்லாதே என்று அந்தப் பிள்ளையின் சட்டையில் குத்திவிட்ட பாடம் அது.

1803க்கு அடுத்த ஆண்டு மே 3 அன்று ரிஸ்டன் கோவ் என்ற இடத்தில் படைவீரர்கள் பூர்வகுடிகள் மீது சுட்டது அந்தப் பதக்கத்தில் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கப்போவதில்லை. ஆனால் இதையாவது நினைத்துப் பார்க்க வேண்டும்: 1853இல் ஹோபார்ட்டுக்குத் தெற்கே ஆய்ஸ்டர் கோவ் என்ற இடத்தில், ஃபிளிண்டர்ஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டவர்களில் எஞ்சியவர்களைக் கொண்டுவந்து, பழைய கைதிக் கொட்டகைகளில் வைத்திருந்தார்கள். விழா நடந்த ஊரிலிருந்து அதிக தூரம் இல்லை.

பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்ற இந்த வழக்கத்தைச் சேகரிப்பாளர்கள் போதிய அளவு யோசிப்பதில்லை. 1951இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சியின் பொன்விழாவுக்கு ஆண்டோர் மெசாரோஸ் வடிவமைத்த பதக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டது. 1988இல் இருநூறாம் ஆண்டு நிறைவுக்கும் நாடு முழுக்கப் பள்ளிகளில் பதக்கம் கொடுத்தார்கள். அந்த ஜனவரி 26இல் சிட்னித் தெருக்களில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பூர்வகுடிகளின் உரிமை கேட்டு ஊர்வலம் போனார்கள். பிள்ளைகளின் கையில் கொடுத்த பொருள், நடந்ததைப் பதிவுசெய்ய அடித்தது அல்ல. அடுத்த தலைமுறை எதை நினைவில் வைக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க அடித்தது. மலிவாக, லட்சக்கணக்கில் அடித்ததால் சந்தையில் இவற்றுக்கு விலை இல்லை, சேகரிப்பாளர் ஒதுக்கிவிடுகிறார். என் கணக்கில் வெள்ளிப் பதக்கங்களைவிட இவைதான் முக்கியமானவை.

இனி, பதக்கம் என்ற பெயரில் மனிதரின் மார்பில் தொங்கவிட்ட தகடுகளுக்கு வருகிறேன். இங்கே என்னால் அமைதியாக எழுத முடியவில்லை. நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் லக்லன் மக்குவாரி 1815இல் பங்காரி என்பவருக்குப் பிறை வடிவ மார்புத்தகடு ஒன்றைக் கொடுத்து, புரோக்கன் பே இனத்தின் தலைவர் என்று அதில் பொறித்தார். படை அதிகாரிகள் கழுத்தில் மாட்டும் தகட்டின் வடிவம் அது. 1816 ஏப்ரலில் இதே மக்குவாரி, சிட்னியின் தென்மேற்கே இருந்த பூர்வகுடிகள் மேல் படை அனுப்பினார். எதிர்த்துக் கொல்லப்படும் ஆண்களின் உடல்களை மரத்தில் தொங்கவிட உத்தரவிட்டார். ஏப்ரல் 17 அதிகாலையில் ஆப்பின் என்ற இடத்தின் அருகே குறைந்தது 14 பேர் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. பலர் பாறை விளிம்பிலிருந்து விழுந்து இறந்தவர்கள். அதே டிசம்பரில் பாரமட்டாவில் விருந்து வைத்து, வந்திருந்த தலைவர்களின் கழுத்தில் மக்குவாரி தகடு மாட்டினார். உத்தரவும் விருந்தும் ஒரே ஆண்டில், ஒரே மனிதர் கொடுத்தவை.

இந்தத் தகடுகளை 'பூர்வகுடி மன்னர்களின் சின்னம்' என்று ஏலத்தில் விற்கிறார்கள். அந்தச் சமூகங்களில் மன்னர் என்று யாரும் இல்லை. மன்னரை உருவாக்கியது தகடு. பின்னால் பண்ணை முதலாளிகளும் தம் நிலத்தில் வேலை செய்தவர்களுக்கு இப்படித் தகடு செய்து கொடுத்தார்கள். ஆனால் இன்று தகடு அணிந்தவர்களின் சந்ததியினரில் சிலர் இவற்றைத் தேடுகிறார்கள். ஏனென்றால் வேறெந்தக் காகிதத்திலும் இல்லாத பாட்டனின் பெயரும் ஊரும் அவற்றில் இருக்கின்றன. கொடுத்தவர் நினைக்காத ஒரு பயன் அது. அந்தப் பயன் யாருக்குச் சேர வேண்டும் என்பதைச் சேகரிப்பாளர் யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவில் இதன் உறவினர், அங்குள்ள பூர்வகுடித் தலைவர்களுக்குக் கொடுத்த 'அமைதிப் பதக்கம்'. ஜெஃபர்சன் காலத்தில் வந்த வடிவம் எல்லாருக்கும் தெரிந்தது: ஒருபக்கம் அதிபரின் தலை, மறுபக்கம் குலுக்கும் இரண்டு கைகள், மேலே குறுக்கே வைத்த புகைக்குழாயும் கோடரியும், 'அமைதியும் நட்பும்' என்ற வாசகம். நாடாய்வுப் பயணிகளான லூயிஸும் கிளார்க்கும் 1804இல் மேற்கே போனபோது இதைச் சுமந்துகொண்டு போனார்கள். பின்னால் வந்த அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனின் முகத்தோடு 1829இல் அடித்த பதக்கத்திலும் மறுபக்கம் அதே கைகள், அதே வாசகம். 1830 மே மாதம் ஜாக்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் பூர்வகுடியினரான செரோக்கி மக்கள் தம் நிலத்திலிருந்து மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே துரத்தப்பட்டார்கள். 1838இல் தொடங்கிய அந்தப் பெரும் வெளியேற்றத்தில் சுமார் 4,000 பேர் இறந்திருப்பார்கள் என்பது பரவலாக ஏற்கப்படும் கணிப்பு. தலைப்பக்கம் மாறியது, பின்பக்கம் மாறவில்லை. ஜெஃபர்சன் பதக்கத்தையும் ஜாக்சன் பதக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பின்பக்கத்துக்கும் நடந்ததற்கும் தொடர்பே இல்லை என்பது தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். "அந்தக் காலத்து மனிதர்களை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்காதீர்கள்." மரியாதையோடு சொல்கிறேன், இது வரலாறு தெரியாமல் சொல்வது. ஜாக்சனின் அந்தச் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 102க்கு 97 என்ற வாக்கில்தான் நிறைவேறியது. ஏறக்குறைய பாதிச் சபை அப்போதே தவறு என்றது. 1938இல் சிட்னியில் நூற்றைம்பதாம் ஆண்டு விழா நடந்தபோது, மெனிண்டியிலிருந்தும் பிரூவாரினாவிலிருந்தும் பூர்வகுடி ஆண்களைக் கொண்டுவந்து, பிலிப் கரையிறங்கும் காட்சியில் ஓடி ஒளிகிறவர்களாக நடிக்கவைத்தார்கள். விழா ஊர்வலத்தில் கைதிகளைப் பற்றி மூச்சே இல்லை. அதே ஜனவரி 26 அன்று, எலிசபெத் தெருவில் உள்ள ஆஸ்திரேலியன் ஹாலில் பூர்வகுடித் தலைவர்களான வில்லியம் ஃபெர்குசன், ஜாக் பேட்டன், வில்லியம் கூப்பர் ஆகியோர் துக்க நாள் கூட்டம் நடத்தினார்கள். அளவுகோல் அப்போதே இருந்தது. அதை வைத்திருந்தவர்களுக்குப் பதக்கம் அடிக்கக் காசு இல்லை, அவ்வளவுதான். 1938இன் விழாப் பதக்கத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அந்தக் கூட்டத்தின் அறிக்கையைத் தெரிந்துகொள்ளாதவர் அந்த ஆண்டில் பாதியைத்தான் வைத்திருக்கிறார்.

தென்னாப்பிரிக்காவிலும் இதே கதை. டச்சுக்காரரான யான் வான் ரீபெக் நன்னம்பிக்கை முனையில் இறங்கியதன் முந்நூறாம் ஆண்டை 1952இல் இனஒதுக்கல் அரசு பெருவிழாவாகக் கொண்டாடியது. நினைவுப் பதக்கங்களோடு ஐந்து ஷில்லிங் நாணயமும் வந்தது. அந்த ஆண்டு ஜூனில்தான் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸும் தென்னாப்பிரிக்க இந்தியக் காங்கிரஸும் சேர்ந்து சட்டமீறல் இயக்கத்தைத் தொடங்கின. சிறைக்குப் போனவர்களில், 1860இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப்போன நம் ஆட்களின் பேரப்பிள்ளைகளும் உண்டு. வான் ரீபெக்கின் முகம் என்று அந்த நாட்டின் பணத்தாள்களிலும் காசுகளிலும் பல ஆண்டுகள் அச்சிட்டது வேறொருவருடைய முகம். பார்த்தலோமியஸ் வெர்மூய்டன் என்பவரின் ஓவியம் அது என்று பிறகு தெரிந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் உருக்கிவிடலாமே, வெள்ளைக்காரன் பெருமையை நாம் ஏன் பூட்டி வைக்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களோடும் நான் உடன்படவில்லை. ஜாக்சனின் பதக்கத்தை உருக்கினால் லாபம் ஜாக்சனுக்குத்தான். 'அமைதியும் நட்பும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் துரத்தினார்கள் என்பதற்கு அவர்கள் கையாலேயே அடித்துத் தந்த ஆதாரம் அது. பொய்யை அழித்தால் பொய் சொன்னதற்கான தடயமும் போய்விடும்.

ஆகவே சேருங்கள்; ஆனால் சேர்க்கும் முறையை மாற்றுங்கள். பதக்கங்களை நிகழ்ச்சி வரிசையில் அடுக்காமல் அடித்த ஆண்டின் வரிசையில் அடுக்குங்கள். 1788ஐக் கொண்டாடும் 1938ஆம் ஆண்டுப் பதக்கம் 1938இல்தான் இருக்க வேண்டும், அதன் பக்கத்தில் துக்க நாள் அறிக்கையின் ஒரு பிரதியும் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கொடுத்த மலிவான பதக்கங்களை ஒதுக்காதீர்கள். மார்புத்தகடோ, பெயர் தெரிந்த ஒருவருக்குக் கொடுத்த அமைதிப் பதக்கமோ ஏலத்துக்கு வந்தால், கையை உயர்த்துவதற்கு முன் அந்தப் பெயருக்கு வாரிசுகள் இருக்கிறார்களா, அது எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு வந்தது என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். ஜார்ஜ் வாஷிங்டன் 1792இல் செனகா பூர்வகுடித் தலைவர் ரெட் ஜாக்கெட்டுக்குக் கொடுத்த வெள்ளிப் பதக்கத்தை, நூறு ஆண்டுக்கும் மேலாக வைத்திருந்த பஃபலோ வரலாற்று அருங்காட்சியகம் 2021இல் செனகா மக்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது. ஒரு பெரிய அருங்காட்சியகத்தால் முடிந்தது தனிச் சேகரிப்பாளரால் முடியாதது அல்ல.

உங்கள் பெட்டிகளில் இருக்கும் சீட்டுகளை இந்த மாதமே எடுத்து மாற்றி எழுதுங்கள். முதல் வரியில் அடித்த ஆண்டு. அடுத்து, காசு கொடுத்து அடிக்கச் சொன்னவர் யார், யாருடைய கையில் கொடுத்தார்கள், அந்த ஆண்டில் அந்த மண்ணில் என்ன நடந்தது. உலோகம், எடை, தரம், விலை எல்லாம் அதற்குக் கீழே வரட்டும்.